உருண்டைக்கு ஓரம் கிடையாது

பன்னிரண்டாவது இதழ் உட்காரவில்லை.

ஒட்டக்கா முதலில் பசையைத்தான் திட்டினாள். பசை தண்ணீராகப் போனால் காகிதம் அளவுக்கு மேல் ஊறி நீண்டுவிடும். கிண்ணத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பசை நேற்றைய பதத்தில்தான் இருந்தது. அடுத்ததாக உருண்டையைத் திட்டினாள். காகிதக்கூழ் உருண்டைகள் சில சமயம் ஒரு பக்கம் வீங்கிக் கொண்டு வரும், அச்சு வார்ப்பவனின் மனநிலையைப் பொறுத்து. நூல் கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி அளந்தாள். உருண்டையும் யோக்கியமாகத்தான் இருந்தது. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் தன் கையைத் திட்டினாள். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் பூகோள உருண்டை ஒட்டும் கை அது. அந்தக் கையினால்தான் ஒட்டக்கா என்று பெயரே வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைத் தேட வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

உலகத்தைத் தட்டையான தாளில் அச்சடித்துவிடலாம், ஆனால் தட்டையான தாளை உருண்டைமேல் போர்த்த முடியாது. எங்காவது மடிந்து சுருங்கும். அதனால் உலகத்தைப் பன்னிரண்டு துண்டாக, நடுவில் அகன்று இரண்டு முனையும் கூராக அச்சடித்து வைத்திருப்பார்கள். பட்டறையில் அதற்கு இதழ் என்று பெயர். ஒன்றாவது இதழை ஒட்டி, அதன் வலப்பக்கத்தில் இரண்டாவது, அப்படியே சுற்றிவந்து பன்னிரண்டாவது இதழ் ஒன்றாவதின் தோளைத் தொட்டால் உலகம் முடிந்தது. பிறகு மேலும் கீழும் இரண்டு வட்டத் தொப்பி. ஈரக் காகிதம் ஒவ்வொரு இதழிலும் மயிரிழை அளவு ஏய்க்கும். அந்த ஏய்ப்பெல்லாம் சேர்ந்து கடைசி இதழின் தலையில் விழும். அதற்காகவே பழைய முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். பன்னிரண்டாவது இதழ் எப்போதும் பெருங்கடலில்தான் முடிய வேண்டும். தரையில் பிசகினால் எவனாவது கேட்பான், தண்ணீரில் பிசகினால் மீனா வந்து கேட்கப் போகிறது என்பார்.

ஆனால் இது மயிரிழை இல்லை. முழுசாக ஒரு நூல் அகலம், தச்சர் கணக்கில் சொல்வார்களே, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவு மிஞ்சியது. இரண்டாவது உருண்டையிலும் அதே ஒரு நூல். மூன்றாவதிலும். அவள் ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் லாரியில் வந்து இறங்கிய புதுத் தாள்களிலிருந்து பன்னிரண்டு இதழையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றின்மேலும் போன வருஷத்து அளவுக் குச்சியை வைத்தாள். ஏழாவது இதழில் குச்சி தோற்றது. முனையெல்லாம் சரி, நடு வயிறு மட்டும் ஒரு நூல் பெருத்திருந்தது.

ஏழாவது இதழின் வலது ஓரத்தில்தான் அவர்கள் நாடு இருந்தது.

"யாரு வீட்டு விருந்துக்குப் போயிட்டு வந்துச்சு இது?" என்றார் தொப்பியார், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. துருவங்களுக்குத் தொப்பி ஒட்டுகிற மனிதர். தலைமேல் ஒட்டுகிறவன் எல்லாருக்கும் மேலானவன் என்பது அவருடைய நம்பிக்கை. இருபது வருஷமாக அவளோடு ஒரு நாள்கூடச் சண்டை போடாமல் வீட்டுக்குப் போனதில்லை.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து தானாகவே வெளியே வந்தார். இவர் பழைய முதலாளியின் மகன். பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே மேஜைக்கு அடியில் படுத்துத் தூங்கிய காலத்திலிருந்து அவளுக்குத் தெரியும். சந்தோஷமாக இருந்தால் அவள் தம்பி என்பாள், கோபமாக இருந்தால் முதலாளி என்பாள்.

"அக்கா, அது அச்சுப் பிழை இல்ல" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

"பின்ன?"

"மேலேர்ந்து வந்த ஆர்டரே அப்படித்தான். நாலாயிரம் உருண்டை. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும். போன வருஷம் ஒரு பெரிய அதிகாரி ஒரு வகுப்புக்குப் போயிருக்கார். நம்ம நாடு எங்க இருக்குன்னு கேட்டிருக்கார். ஒரு பொண்ணு எழுந்து வந்து உருண்டைமேல சரியாத்தான் விரல் வெச்சிருக்கு. விரலுக்கு அடியில நாடே காணாமப் போயிடுச்சு. மனுஷனுக்கு அங்கேயே மானம் போயிடுச்சாம்."

"அந்தப் பொண்ணோட விரலை ஒல்லியாக்கச் சொல்லி ஆர்டர் போட வேண்டியதுதானே" என்றார் தொப்பியார்.

முதலாளி சிரிக்கவில்லை. "கமிட்டி உக்காந்து முடிவு பண்ணது. பேராசிரியர் ஒருத்தர் ஆலோசகர். நாடு பார்வைக்கு எடுப்பா தெரியணுமாம். கம்ப்யூட்டர்ல பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

"கம்ப்யூட்டர் தட்டையா இருக்கும் முதலாளி."

முதலாளி என்ற சொல் எங்கே வந்து விழுகிறது என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு வழி இருக்கிறதாம். அச்சகத்தோடும் பேசிவிட்டாராம். எட்டாவது இதழின் இடது ஓரத்தில் நடுவயிற்றில் ஒரு நூல் பிளேடால் எடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். எட்டாவது பக்கத்து நாடு. அதில் ஒரு நூல் குறைவதைப் பற்றி மேலிடத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லையாம். இருக்காதுதான். எதிர்வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்ட யாருக்குத்தான் ஆட்சேபணை?

பழைய இதழ்களைத் தேடிப் பயனில்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். போன வருஷத்துத் தாளெல்லாம் உத்தரவுப்படி கூழாக்க அனுப்பியாகிவிட்டது. நாளை பதினொரு மணிக்குப் பேராசிரியர் வருகிறார். ஒரு மாதிரி உருண்டை தயாராக இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் நாலாயிரம் உருண்டை, எட்டு மாத வேலை. போடாவிட்டால் பட்டறையில் உள்ள பதினொரு பேரும் எங்கே போவது என்று முதலாளி சொல்லவில்லை. சொல்லாமலே எல்லார் காதிலும் விழுந்தது.

அவள் எட்டாவது இதழை எடுத்து வைத்து, இரும்புக் கோலை ஓரத்தில் பொருத்தி, பிளேடை எடுத்தாள். வெட்டுகிற எண்ணத்தில்தான் எடுத்தாள், அதில் பொய் இல்லை. வேலை வேலைதான். பிளேடின் முனை காகிதத்தைத் தொடப் போகும்போதுதான் அது எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தாள். நீல மயிர் போல ஓர் ஆறு ஓரத்தில் இறங்கி, ஓரிடத்தில் முழங்கையை மடக்கியது போல வளைந்து, மறுபடி கடலைப் பார்த்துப் போகிறது. அந்த முழங்கையின் அக்கரையில் அவள் தங்கை இருக்கிறாள்.

ஊரின் பெயர் உருண்டையில் கிடையாது. பன்னிரண்டு அங்குல உருண்டையில் தலைநகரத்துக்கே ஒரு புள்ளிதான். ஆற்றின் இக்கரையில் அவள் பிறந்த ஊருக்கும் அச்சில் இடமில்லை. ஏழாவது இதழின் ஓரத்தில் ஓடுகிற சிவப்பு எல்லைக் கோட்டுக்கு அடியிலேயே அது அகப்பட்டுக்கொண்டது. பழைய முதலாளி ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னார். இந்த அளவில் அந்தச் சிவப்புக் கோட்டின் தடிமனே பத்துக் கிலோமீட்டர் வரும், நீயெல்லாம் எந்த நாட்டிலும் பிறக்கவில்லை, கோட்டுக்குள்ளேயே பிறந்தவள் என்று. அன்று அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அச்சில் இல்லாத இரண்டு ஊர்களையும் இருபத்தாறு வருஷமாகத் தினமும் தடவித் தடவித்தான் ஒட்டிக் கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்த ஆறு ஓர் ஆறாக மட்டும் இருந்தது. தங்கையை அக்கரையில் கொடுத்தபோது படகில் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். சாமான் செட்டோடு அம்மாவின் அழுகையையும் ஏற்றிக்கொண்டு ஒரே நடையில் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பாலம் வந்தது, பாலத்தில் சாவடி வந்தது, சாவடியில் வரிசை வந்தது. மூன்று வருஷமாக இரண்டு நாட்டுக்கும் பேச்சு இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒட்டக்காவின் கணவர் இறந்து எட்டு வருஷம், மகன் வேறு ஊரில் அவன் பாட்டைப் பார்க்கிறான். அவளுக்கென்று சண்டை பிடிக்கவும் சிரிக்கவும் இருக்கிற ஒரே ஜீவன் அக்கரையில் இருந்தது. அந்தக் கரையைத்தான் இப்போது ஒரு நூல் அகலத்துக்குச் சீவி எறியச் சொல்கிறார்கள். உருண்டையில் ஒரு நூல் என்றால் நிலத்தில் நூற்று முப்பது கிலோமீட்டர்.

பிளேடைக் கீழே வைத்தாள். வைத்த சத்தத்துக்கு இரண்டு மேஜை தள்ளி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒன்றும் அவ்வளவு சீக்கிரம் போருக்குப் புறப்படுகிறவள் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, எல்லாருக்கும் பாதகமில்லாத ஒரு வழியைத்தான் முதலில் யோசித்தாள். பழைய முதலாளியின் வழி. கடல் எதற்கு இருக்கிறது? ஏழு பெருத்தது பெருத்தபடியே இருக்கட்டும், எட்டும் அப்படியே இருக்கட்டும், மிஞ்சுகிற ஒரு நூலைப் பன்னிரண்டாவதில் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டால் தீர்ந்தது. நாலாவது உருண்டையை எடுத்து அப்படியே ஒட்டினாள். பன்னிரண்டாவது இதழை ஒன்றாவதின்மேல் ஒரு நூல் ஏற்றி, ஸ்பாஞ்சால் ஒற்றி, எலும்புக் கரண்டியால் மடிப்பை நீவிவிட்டாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. நீலத்தோடு நீலம் சேர்ந்துவிட்டது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு உருண்டையை வெளிச்சத்துக்குத் திருப்பியவள், ஒட்டு ஓரத்தில் பாதி எழுத்து ஒன்று துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

ஒரு பெயரின் வால் அது. பெயரின் தலை அடியில் போய்விட்டது. இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தாள். ஒன்றாவது இதழின் ஓரத்தில், கடல் நடுவில், தலையில் பொடுகு உதிர்ந்தது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஏழெட்டுத் தீவு. தீவை விடப் பெயர் நீளம். இருபத்தாறு வருஷத்தில் அவள் அதை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. மயிரிழைப் பிசகு வரும்போதெல்லாம் அவற்றில் ஒன்றிரண்டைத் தானே அமுக்கியிருக்கிறோமோ என்று நினைத்து, அந்தப் பெயரை ஒரு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மீன் வந்து கேட்காது என்றார் பெரியவர். அங்கே மீன் மட்டுமா இருக்கிறது?

"நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் உரிக்கிற?" என்றார் தொப்பியார்.

"இங்க மனுஷங்க இருக்காங்க."

"எங்க? அந்தப் பொட்டுலயா? உனக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியாது. அவங்கள்ல ஒருத்திக்கும் எங்கயாவது ஒரு அக்கா இருப்பா இல்ல?"

தொப்பியார் குனிந்து, அவள் உரிக்க வசதியாக உருண்டையைப் பிடித்துக் கொடுத்தார். அவருடைய சரித்திரத்தில் அது முதல் தடவை. அவள் ஈரம் காய்வதற்குள் இதழைப் பதமாக உரித்தாள். உரிக்கும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் உருண்டையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தும் இன்றைக்குத்தான் புரிந்தது என்பதில் வெட்கமாகவும் இருந்தது. சுவரில் மாட்டுகிற படத்தில் ஒரு நாட்டைப் பெரிதாக்கினால் ஓரத்தில் தாள் கொஞ்சம் கூடும், யாருக்கும் நஷ்டமில்லை. உருண்டைக்கு ஓரம் கிடையாது. இங்கே ஒருத்தன் ஒரு நூல் அதிகம் எடுத்தால், எங்கோ ஒருத்தன் அதே ஒரு நூலை இழந்துதான் ஆக வேண்டும். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று உலகத்தில் ஒரு நூல்கூட இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தங்கைக்குப் போன் போட்டாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவார்கள். வியாழக்கிழமை மணி அடித்ததும் அந்தப் பக்கம் பதறிவிட்டது.

"என்னக்கா? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மா போன் பண்ற ஆளா நீ? எங்க வீட்டுக்காரர் படகு இன்ஜினைப் பிரிச்சு வீட்டுக்குள்ள பரப்பி வெச்சிருக்கார், கால் வைக்க இடமில்ல. நான் அடுப்பு மேடைமேல உக்காந்துதான் பேசறேன், சொல்லு."

அவள் சொன்னாள். பிளேடு, ஒரு நூல், ஆறு, எல்லாவற்றையும். தங்கை சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், என்னடி சிரிப்பு?"

"இல்லக்கா, இங்க பேத்தி பள்ளிக்கூடத்துல போன மாசம் புதுப் படம் மாட்டியிருக்காங்க. அதுல நம்ம அம்மா வீடு இருக்கிற ஊர் இவங்க பக்கம் வந்துடுச்சு. மந்திரி வந்து கைதட்டிட்டுப் போனார். நீ ஒரு மாசமா என் நாட்டுக்காரிதான், உனக்குத்தான் தெரியல."

"அப்ப நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பக்கத்துச் சிரிப்பு அப்படியே அறுந்துபோயிற்று. இரும்புச் சாமான் உருள்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"வெட்டாதக்கா" என்றாள் தங்கை கடைசியில். "வேலை போனாப் போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா உன் கையால வெட்டாத."

மறுநாள் அவள் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனாள். புது உருண்டை ஒன்றை நிறுத்தும் கம்பியில் ஏற்றினாள். ஒன்று முதல் ஆறு வரை ஒட்டினாள். ஏழாவது, அந்த விருந்தாடிய இதழ், அதையும் உள்ளது உள்ளபடி ஒட்டினாள். எட்டாவது வந்தபோது பிளேடை எடுக்கவில்லை. இதழை முழுசாகத் தூக்கி, அதன் இடது ஓரத்தை ஏழாவதின்மேல் ஒரு நூல் ஏற்றிப் போர்த்தினாள். பெருத்த அளவை அதன் சொந்த வயிற்றிலேயே மடக்கியாகிவிட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று சரசரவென்று உட்கார்ந்தன. பன்னிரண்டாவது, ஒன்றாவதின் தோளை மயிரிழை பிசகாமல் வந்து தொட்டது. தீவுகள் அத்தனையும் தலைதூக்கி நின்றன. எலும்புக் கரண்டியால் ஏழு-எட்டு ஒட்டை நீவும்போதுதான் அடியில் போனது என்ன என்று கவனித்தாள். அவள் பிறந்த ஊர் போயிருந்தது. அதோடு, ஏழாவதின் ஓரத்தில் அச்சடித்திருந்த சிவப்புக் கோடும் முழுசாக உள்ளே போயிருந்தது. ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தியே நீவினாள். தொப்பியார் வந்தார், பார்த்தார், இரண்டு தொப்பியையும் ஒட்டிக் கொடுத்தார்.

பேராசிரியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பயங்கரமான ஆள் ஒருவரை எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம்தான். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் மசிக் கறை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிற பழக்கம். முதலாளி அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாடு என்றால் என்ன, தேசப்பற்று எப்படி உண்டாகிறது என்பதையே இருபது வருஷம் ஆராய்ந்து தடிமனான புத்தகம் எழுதியவராம். அவர் உருண்டையைக் கையில் வாங்கி, நாட்டைத் தேடினார். கண்டுபிடித்ததும் புருவம் சுருங்கியது.

"சின்னதா இருக்கே. பழையபடியேதான் இருக்கு" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "எல்லைக் கோடு எங்க?"

முதலாளியும் உருண்டையைப் பேராசிரியரோடு சேர்ந்துதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"அடியில இருக்கு சார்" என்றாள் ஒட்டக்கா. "கிழிக்கல, வெட்டல. பத்திரமா இருக்கு. நீங்க ஒரு நூல் பெருசாக்கிட்டீங்க. உருண்டையில அதுக்கு இடம் இல்ல. யாராவது குடுத்துத்தான் ஆகணும். எடுத்தவங்களே குடுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அம்மா, இது நம்ம நாடு. நம்ம நாட்டு மேலயே நீங்க..."

"அந்த அடியில இருக்கிறது என் ஊர் சார். நான் பிறந்த ஊர். வேற யார் ஊரையும் எடுக்க எனக்கு உரிமை கிடையாது. என்னுதை எடுத்திருக்கேன்."

பேராசிரியர் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதட்டுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் வகுப்பெடுக்கத் தொடங்கினார், பாவம், அதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

"நான் சொல்றதைக் கேளுங்கம்மா. நாடுங்கறது கல்லு மண்ணு இல்ல. அது ஒரு நினைப்பு. ஒருத்தரை ஒருத்தர் ஆயுசுக்கும் பார்க்கப் போறதில்லாத கோடிக்கணக்கான பேர், நாம எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க பாருங்க, அதுதான் நாடு. சில பேர் ரத்தம்பாங்க, சில பேர் மொழிம்பாங்க. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் ரயிலும் சேர்ந்து உண்டாக்கினதுதான் நாடுன்னும் சொல்றவங்க உண்டு. என்னைக் கேட்டா, சேர்ந்து இருக்கலாம்னு ஜனங்க தினமும் குடுக்கிற சம்மதம்தான் அது. அந்த நினைப்பு பலமா இருக்கணும்னா கண்ணுக்கு எடுப்பா ஏதாவது வேணும். ஒரு நூல் கூடினதால யார் நிலத்தையும் யாரும் பிடுங்கல. எல்லாமே கற்பனைதான். கற்பனையில கொஞ்சம் தாராளமா இருந்தா என்ன?"

அவள் முழுசாகக் கேட்டாள். கிண்டலாகப் பதில் சொல்லத் தொப்பியாருக்கு நாக்கு துறுதுறுத்தது தெரிந்தது. அவள் கண்ணாலேயே அடக்கினாள்.

"ஆயுசுக்கும் பார்க்காதவங்களை ஒண்ணுன்னு நினைக்க முடியுதுங்கறீங்க. எனக்கும் அது பிடிச்சிருக்கு சார். ஆனா ஒரே பாயில படுத்து வளர்ந்தவளை வேறன்னு ஏன் நினைக்கணும்? என் தங்கச்சி அந்த ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. நேத்து நீங்க என்னை வெட்டச் சொன்னது அவ வீட்டை."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தினமும் சம்மதம்னு சொன்னீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. பசை காய்ந்து வெளுத்திருந்த கையை மட்டும் முந்தானையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு அம்பத்தி மூணு வயசாகுது. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட யாரும் என்கிட்ட வந்து கேட்டதில்ல. பாலத்தை மூடும்போது கேக்கல. பஸ்ஸை நிறுத்தும்போது கேக்கல. இன்னிக்குத்தான் முதல் தடவையா என் சம்மதம் இல்லாம ஒண்ணு நடக்காதுங்கற இடத்துல வந்து நிக்கறீங்க. அதனால சொல்றேன். இந்த நாட்டுல நான் இருக்கேன், இருப்பேன். இதை இருக்கிற அளவுக்கு ஒட்டித் தர எனக்குச் சம்மதம். ஒரு நூல் அதிகமா ஒட்ட சம்மதம் இல்ல."

"நீங்க சொல்றதெல்லாம் என் புத்தகத்துலயும் இருக்கும்மா" என்றார் அவர். உண்மையாகவே களைத்துப் போயிருந்தார்.

"அப்ப கையெழுத்துல ஏன் சார் இல்ல?"

அவர் பேனாவை எடுத்தார். படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் இரண்டு கட்டம்தான், ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டது என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, திங்கட்கிழமை மறுபடி வருகிறேன், உத்தரவுப்படி ஒரு மாதிரி தயாராக இருக்கட்டும் என்று முதலாளியிடம் சொன்னார். வாசல் வரைக்கும் போய், செருப்பைப் போடும்போது ஒரு தடவை திரும்பி உருண்டையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

கார் போன சத்தம் தேய்ந்ததும் முதலாளி பிளேடை எடுத்து, அவள் மேஜையைத் தாண்டி, அடுத்த மேஜையில் இருந்த பெண்ணின் முன்னால் வைத்தார். "நீ வெட்டும்மா" என்றார். அந்தப் பெண் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். பிளேடைப் பார்த்தாள், ஒட்டக்காவைப் பார்த்தாள், தூரிகையை எடுத்துத் தண்ணீரில் அலசத் தொடங்கினாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகை. அலசிக்கொண்டே இருந்தாள். மேஜைக்கு மேஜை அந்தத் தண்ணீர்ச் சத்தம் பரவியது. தொப்பியார் தன் பசைக் கிண்ணத்தை மூடி வைத்து, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தார்.

"நான் தொப்பி வெச்சாத்தான் உருண்டை முடியும்" என்றார் சுவரைப் பார்த்து. "எனக்குத் திங்கக்கிழமை இடுப்பு வலி வரும்போல இருக்கு."

"அக்கா" என்றார் முதலாளி. மேஜைக்கு அடியில் தூங்கிய பையனின் குரல் அது. "என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை, ஆனால் இறங்கியும் வரவில்லை. "அவங்களை இங்க வந்து ஒரு உருண்டை ஒட்டிப் பார்க்கச் சொல்லு தம்பி. பன்னிரண்டாவதுல வந்து நிப்பாங்க. அப்பத் தெரியும்." பிறகு மாதிரி உருண்டையைக் கம்பியிலிருந்து கழற்றினாள். "கழிச்சுப் போட்ட உருண்டையை ஒட்டினவங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், அது உங்க அப்பா வெச்ச வழக்கம். இதை எடுத்துக்கறேன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுவேன். என்னை வர வேணாம்னு சொல்றதா இருந்தா வாசல்ல நின்னு சொல்லுங்க, போன்ல சொல்லாதீங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கையில் உலகத்தோடு போகிறவளுக்கு எழுந்து இடம் கொடுக்காமல் இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. எதிர் இருக்கையில் இருந்தவர், இதில் நம் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் காட்டினாள். இவ்வளவுதானா என்றார் அவர். இவ்வளவுதான், போதாதா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டபோது பார்த்தாள். வெயிலிலும் பஸ் குலுக்கலிலும் ஏழு-எட்டு ஒட்டின் ஓரம் நடுவில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மடங்கு காகிதம் அல்லவா, அவ்வளவு சுலபத்தில் படியாது. இடுக்கில் சிவப்பு, நகக்கண் அளவு எட்டிப் பார்த்தது. அலமாரியிலிருந்து வீட்டுப் பசையை எடுத்து, தீக்குச்சி முனையால் உள்ளே தடவி, ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். இந்தப் பசை காய இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. மற்றக் கையால் தங்கைக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா ஆச்சு? வெட்டச் சொன்னாங்களா? வேலை?"

"திங்கக்கிழமை தெரியும். நீ எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், வீட்டுலதான். ஆத்துப் பக்கம் கதவைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கேன். ஏன்?"

அவள் உருண்டையை மடியில் நிறுத்தி, விளக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். விரலுக்கு அடியில் ஒட்டின் மேடு கத்தி முனை போலத் தட்டுப்பட்டது. மேலே தங்கையின் ஊர், அதற்கு நேர் கீழே ஒரு காகித தூரத்தில் அவள் ஊர், நடுவில் இன்னும் ஈரமாக இருந்த பசை. ஆற்றின் முழங்கை வளைவு முழுவதையும் விரல் மறைத்திருந்தது.

"ஒண்ணுமில்ல, பேசிக்கிட்டே இரு" என்றாள். "நான் கையை எடுக்க இன்னும் நேரம் இருக்கு."